28 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது, தங்கச்சி

வாசகியின் கடிதம்:

வணக்கம் அக்கா. எனக்கு வயது 29, ஊர் திருகோணமலை. மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஐந்து வருடமாகக் கொழும்பில் ஒரு நடுத்தர ஒப்பந்தகாரக் கொம்பனியில் கணிய அளவையாளராக, அதாவது கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுபவராக, இருக்கிறேன். வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். இப்போது நாங்கள் கட்டுவது 12 மாடிக் குடியிருப்பு. ஒப்பந்தம் 1999 ஃபிடிக் சிவப்புப் புத்தகம், கட்டுமான வேலைக்கென்று பல நாடுகளிலும் பாவிக்கிற மாதிரி ஒப்பந்தம். இம்மாதம் 3ஆம் திகதி ஆலோசகர் எஞ்சினியர் சைட்டுக்கு வந்து, லிஃப்ட் குழியின் வரைபடம் மாறுகிறது, அந்தப் பக்கம் வேலையை நிறுத்துங்கள் என்று வாயால் சொல்லிவிட்டுப் போனார். புது வரைபடம் 14ஆம் திகதிதான் வந்தது. ஒரு கடிதம் போடுவோம் என்றேன். கடிதம் போட்டால் க்ளையண்டோடு இருக்கும் உறவு கெட்டுப்போகும், கடைசியில் பேசித் தீர்க்கலாம் என்கிறார் மனேஜர். ஒவ்வொரு சைட்டிலும் இதே கதைதான், அந்தக் கடைசிப் பேச்சில் எப்போதும் நாங்கள்தான் தோற்கிறோம். அதனால்தான் சட்டம் படிக்க யோசிக்கிறேன். கட்டுமானத் தகராறுகளை மட்டும் பார்க்கிற சட்டத்தரணியாக இங்கே பிழைக்க முடியுமா? வேலையை விட்டுவிட்டுச் சட்டக் கல்லூரிக்குப் போகவா? இந்த வயதில் தொடங்கினால் பிந்திவிடுமா? அப்பா மேசன் வேலை செய்து என்னைப் படிப்பித்தவர். கையில் இருக்கிற வேலையை விடாதே என்கிறார்.

வாசகி, வெள்ளவத்தை (20ஆம் திகதி எழுதியது)

பதில்:

தங்கச்சி, சட்டக் கல்லூரியா இல்லையா என்ற கேள்விக்குப் பதில் ஒரு மாதம் பிந்தினாலும் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் அந்த லிஃப்ட் குழி பற்றி நீங்கள் இடையில் எழுதிய நாலு வரி அப்படிப்பட்டதில்லை. அதனால்தான் கடிதம் கிடைத்த இரவே உங்களுக்குத் தனியாக எழுதினேன். அதையே இங்கேயும் முதலில் வைக்கிறேன், இதே இடத்தில் நிற்கிற வேறு பலரும் இதை வாசிப்பார்கள்.

உங்கள் ஒப்பந்தத்தின் 20.1ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். கால நீடிப்போ மேலதிகப் பணமோ தனக்கு உரியது என்று ஒப்பந்தகாரர் நினைத்தால், அதற்குக் காரணமான சம்பவம் தனக்குத் தெரியவந்த நாளிலிருந்து, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, 28 நாளுக்குள் எஞ்சினியருக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவிக்காவிட்டால் நாளும் இல்லை, காசும் இல்லை, உரிமையாளருக்கு அந்த விஷயத்தில் பொறுப்பும் இல்லை என்று அந்தப் பிரிவே சொல்கிறது. உங்களுக்குத் தெரியவந்தது 3ஆம் திகதி, 31ஆம் திகதியோடு 28 நாள் முடிகிறது, நீங்கள் எனக்கு எழுதும்போதே 17 நாள் போய்விட்டது. அதோடு, விசேட நிபந்தனைகள் என்று பின்னால் சேர்த்திருக்கிற பக்கங்களையும் இன்றைக்கே பாருங்கள், சில உரிமையாளர்கள் அங்கே 28ஐ வெட்டி 14 ஆக்கியிருப்பார்கள், அதை யாரும் டெண்டர் நேரத்தில் கவனிப்பதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதே புத்தகத்தின் 3.3ஆம் பிரிவில், எஞ்சினியர் வாயால் சொன்ன கட்டளையை ஒப்பந்தகாரர் இரண்டு வேலை நாளுக்குள் எழுத்தில் உறுதிப்படுத்தி அனுப்பி, அதற்கு எஞ்சினியர் இரண்டு வேலை நாளுக்குள் எழுத்தில் மறுப்போ வேறு கட்டளையோ கொடுக்காவிட்டால், அந்த உறுதிப்படுத்தலே எழுத்துக் கட்டளையாக நிற்கும் என்று இருக்கிறது. அந்த இரண்டு நாள் உங்களுக்குப் போய்விட்டது, சரி, அது போகட்டும். 28 நாள் இன்னும் போகவில்லை. அறிவித்தலில் தொகை எழுத வேண்டியதில்லை, யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதும் இல்லை. ஆங்கிலத்தில் நீங்கள்தான் எழுதப்போகிறீர்கள், விஷயம் இவ்வளவுதான்:

"இம்மாதம் 3ஆம் திகதி தாங்கள் சைட்டில் வாய்மொழியாக அறிவித்தபடி லிஃப்ட் குழிப் பகுதியில் வேலை நிறுத்தப்பட்டது. திருத்திய வரைபடம் 14ஆம் திகதி கிடைத்தது. இதனால் கால நீடிப்பும் மேலதிகச் செலவும் எமக்கு உரியன எனக் கருதுகிறோம். இதனை 20.1ஆம் பிரிவின் கீழான அறிவித்தலாகக் கொள்ளவும். விவரங்கள் பின்னர் சமர்ப்பிக்கப்படும்."

அந்த விவரமான கோரிக்கைக்கு 42 நாள் தருகிறார்கள், அதையும் 3ஆம் திகதியிலிருந்தே எண்ண வேண்டும். இரண்டு திகதியையும் உங்கள் மேசையில் எழுதி ஒட்டுங்கள்.

உங்கள் மனேஜரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் பயப்படுவது உண்மையான விஷயம், அடுத்த வேலையும் இதே க்ளையண்டிடம்தான் வரவேண்டும். ஆனால் அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: எங்களுக்கு நாள் தர அந்த எஞ்சினியரே விரும்பினாலும், ஃபைலில் ஒரு அறிவித்தல் இல்லாமல் எதை வைத்து அவர் உரிமையாளரிடம் போய்க் கேட்பார்? வரைபடம் பிந்தியது தன் ஒஃபிஸால்தான் என்று அவருக்குத் தெரியும், வெளியில் சொல்லத் தயங்குவார், உங்கள் கடிதம் அவருக்கு ஒரு பிடி. போன் எடுத்து "சேர், வழமையான நோட்டீஸ் ஒன்று வருகிறது, புத்தகத்தில் கேட்கிறபடியால் அனுப்புகிறோம்" என்று முதலே சொல்லிவிட்டு அனுப்பினால் யாரும் கோபித்ததை நான் அதிகம் கண்டதில்லை. பத்து மாதம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டுப் பதினோராவது மாதம் நூறு பக்கக் கோரிக்கையோடு போய் நின்றால்தான் உறவு முறிகிறது.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2006இல் ஒரு ஒப்பந்தகாரருக்காகச் சட்டத்தரணியாக நின்றேன். களஞ்சியக் கட்டடம் ஒன்று, கொழும்புக்குக் கொஞ்சம் வெளியே. காணியின் பின்பாதியில் பழைய குடியிருப்பாளர்கள் இருந்தார்கள், உரிமையாளர் அவர்களை எழுப்பிக் காணியை ஒப்படைக்க ஐந்து மாதம் பிந்தினார். எல்லோருக்கும் தெரிந்த பிந்தல், எஞ்சினியர் வாரா வாரம் வந்து அந்த வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தேநீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். ஒப்பந்தகாரரின் முதல் கடிதம் போனது 74ஆவது நாள். கட்டடம் முடிந்ததும் உரிமையாளர் தாமதத்துக்கான நட்ட ஈடு என்று ஒப்பந்த விலையில் 10 வீதத்தை, அதாவது அந்த ஒப்பந்தம் அனுமதித்த உச்சத்தை, கடைசிப் பில்லில் பிடித்துக்கொண்டார். தகராறை விசாரித்தவர் ஒரு ஓய்வுபெற்ற எஞ்சினியர், மரியாதையான மனிதர். அவர் எங்களிடம் கேட்டது ஒரே கேள்வி: எப்போது அறிவித்தீர்கள்? என் கட்சிக்காரர் எழுந்து, "சேர், எல்லாரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள்" என்றார். எனக்கு அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கோரிக்கை தள்ளுபடி. 28 நாளுக்குள் அதிருப்தி அறிவித்தல் கொடுத்து நடுத்தீர்ப்புக்கு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் விசாரிக்கிற ஆர்பிட்ரேஷனுக்கு, போனோம். உரிமையாளர் தன்னாலேயே உண்டான தாமதத்துக்கு இன்னொருவரிடம் நட்ட ஈடு பிடிக்க முடியாது என்று வாதாடினேன். அந்த வாதத்துக்குச் சார்பாக 1999இல் ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் கேமார்க் என்ற வழக்கில் ஒரு தீர்ப்பு இருந்தது, ஆனால் நாங்கள் நடுத்தீர்ப்பில் இருந்த காலத்திலேயே, 2007இல், வெம்ப்ளி மைதானம் கட்டியதில் வந்த மல்டிபிளெக்ஸ் வழக்கில் லண்டன் நீதிபதி அந்தத் தீர்ப்பின் மேல் சந்தேகம் தெரிவித்துவிட்டார். நாலு வருடம் இழுத்து, கேட்டதில் ஒரு சிறு பங்கோடு இணங்கிப் போனோம். அதற்குள் அந்த ஒப்பந்தகாரர் இரண்டு லொறியை விற்றிருந்தார், கந்தானையில் மகளுக்கென்று வைத்திருந்த காணித் துண்டையும். ஒரு பக்கக் கடிதம், 28ஆவது நாளில் போயிருந்தால், இதில் எதுவும் நடந்திருக்காது.

பிறகு 2014இல் ஜிப்ரால்டர் விமான ஓடுபாதைக்குக் கீழே தோண்டிய சுரங்கப் பாதை வழக்கில், இந்த 28 நாளைக் கொஞ்சம் தாராளமாக எண்ணலாம், தாமதம் உண்மையில் ஏற்படத் தொடங்கும்போதும் அறிவிக்கலாம் என்று லண்டனில் ஒரு தீர்ப்பு வந்தது. வாசிக்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் அதை நம்பி யாரும் 29ஆம் நாள்வரை காத்திருக்கக் கூடாது. இங்கிலாந்துத் தீர்ப்புகளை நம் நடுத்தீர்ப்பாளர்கள் மதித்துக் கேட்பார்கள், அதற்குக் கட்டுப்பட்டவர்கள் அல்ல.

சரி, இனி உங்கள் பெரிய கேள்வி.

கட்டுமானச் சட்டத்தரணி என்றால் கறுப்புக் கோட்டோடு நீதிமன்றத்தில் நின்று பேசுகிற ஆள் என்று நினைத்து இதற்குள் வராதீர்கள். என் நாளில் பெரும்பகுதி ஃபைலோடு போகிறது. சைட் டயரி, வாராந்தக் கூட்டக் குறிப்பு, கொங்கிறீட் வண்டி வந்த சிட்டை, மழை அளவு, கூலியாட்கள் எண்ணிக்கை, போட்டோவின் ஓரத்தில் தெரிகிற திகதி, வட்ஸ்அப்பில் ஒரு சூப்பர்வைசர் போட்ட ஒரு வரி. இதையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, எந்த நாளில் எது எதைத் தடுத்தது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. அந்த அடுக்கு சரியாக வந்தால் பாதித் தகராறுகள் மேசையிலேயே முடிந்துவிடும், எதிர்ப்பக்கத்துக்கும் கணக்குத் தெரியும், நாங்கள் எதைக் காட்ட முடியும் என்று பார்த்தவுடன் பேச வருவார்கள். அடுக்கு சரியில்லை என்றால் எவ்வளவு பெரிய வாய் இருந்தாலும் பிரயோசனம் இல்லை.

நான் 1999இல் முதல் கட்டடத் தகராறைக் கையில் எடுத்தபோது எனக்கு அத்திவாரத்தில் வருகிற பைல் கப் என்றால் என்னவென்றே தெரியாது. நாற்பது ஃபைல் வந்து இறங்கியது. ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர், புதுக்கடையில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து, சிகரெட் பெட்டி மட்டையில் படம் கீறிக் கீறி எனக்கு அத்திவாரம் படிப்பித்தார். ஏழெட்டு வருடம் பிடித்தது எனக்கு, ஒரு பி.ஓ.க்யூ. (வேலை அளவும் விலையும் எழுதிய பட்டியல்) பக்கத்தைப் பார்த்தவுடன் எந்த வரியில் பிரச்சினை வரும் என்று மூக்கில் மணக்க. உங்களுக்கு அது இப்போதே மணக்கிறது, தங்கச்சி. கடிதம் போடுவோம் என்று ஐந்தாம் வருடத்திலேயே சொன்ன ஆள் நீங்கள். இந்த ஐந்து வருடத்தை வீணாய்ப்போன காலம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள், என் தொழிலில் அதுதான் மூலதனம்.

ஆகவே என் பதில்: சட்டம் படியுங்கள், வேலையை விடாதீர்கள். அப்பா சொல்வதும் சரி, உங்கள் மனம் சொல்வதும் சரி.

வழி எப்படி என்றால், புதுக்கடையில் இருக்கிற இலங்கைச் சட்டக் கல்லூரிக்கு நுழைவுப் பரீட்சை எழுதிப் போவது ஒன்று. அது முழுநாளையும் தின்னும், வேலையோடு சமாளித்தவர்கள் உண்டு, ஆனால் சைட்டில் இருந்துகொண்டு சமாளிப்பது கஷ்டம். உங்களுக்கு நான் சொல்வது நாவலையில் திறந்த பல்கலைக்கழகத்தின் சட்டமாணிப் பட்டம். வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். முடித்த பிறகும் சட்டக் கல்லூரிப் பரீட்சைகள், ஒரு மூத்த சட்டத்தரணியிடம் ஆறு மாதப் பயிற்சி, கடைசியில் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் என்று மிச்சம் இருக்கிறது. கூட்டிப் பார்த்தால் முப்பத்தைந்து, முப்பத்தாறு ஆகிவிடும். ஆகட்டும். இந்தத் துறையில் முப்பத்தாறு வயதில் பத்து வருட சைட் அனுபவத்தோடு வருகிற சட்டத்தரணியை இருபத்தைந்து வயதில் வருகிறவரைவிட எல்லோரும் வேளைக்கே தேடுவார்கள்.

அதற்கு முன் இன்னொன்றையும் யோசியுங்கள். நீங்கள் விரும்புகிற வேலைக்குச் சட்டத்தரணி ஆகித்தான் தீர வேண்டும் என்று இல்லை. கோரிக்கை தயாரிப்பவர், தாமதத்தைக் கணக்கிட்டுச் சாட்சி சொல்லும் நிபுணர், தகராறு விசாரிக்கும் அட்ஜுடிகேட்டர், நடுத்தீர்ப்பாளர், இவர்களில் பெரும்பாலானோர் எஞ்சினியர்களும் உங்களைப் போன்ற கணிய அளவையாளர்களும்தான். நீங்கள் படித்த மொரட்டுவையிலேயே கட்டுமானச் சட்டமும் தகராறுத் தீர்வும் என்று ஒரு முதுமாணிப் படிப்பு இருக்கிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரி 1987இலேயே இப்படி ஒன்றைத் தொடங்கியது, ஆரம்பத்திலிருந்தே சட்டத்தரணிகளையும் எஞ்சினியர்களையும் ஒரே வகுப்பில் உட்கார வைத்தார்கள். 1915இல் லண்டனில் தொடங்கிய பட்டய நடுத்தீர்ப்பாளர் நிறுவகத்தின் பரீட்சைகளுக்கும் சட்டப் பட்டம் கட்டாயமில்லை. முதலில் மொரட்டுவைப் படிப்பைச் செய்துபாருங்கள் என்பது என் எண்ணம். அது முடியும்போது உங்களுக்கே தெரிந்துவிடும், சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து கணக்குச் சொல்ல ஆசையா, எதிரில் நின்று கேள்வி கேட்க ஆசையா என்று. கேள்வி கேட்கத்தான் ஆசை என்றால் அதற்குப் பிறகு நாவலைக்குப் போங்கள்.

பிழைக்க முடியுமா என்று கேட்டீர்கள். முடியும், ஆனால் சட்டத்தரணியான முதல் மூன்று நாலு வருடம் மிகவும் இறுக்கம், மூத்தவர் தருவதுதான் வருமானம், பல மாதம் பஸ் காசுக்கும் சாப்பாட்டுக்கும்தான் காணும். அந்தக் காலத்தைத் தாண்ட உங்கள் கையில் இருக்கிற கணிய அளவைத் தொழில் உதவும், பகுதி நேரமாக இறுதிக் கணக்கு, கோரிக்கை என்று பார்த்துக்கொடுக்கலாம். ஆனால் ஒரே தகராறில் இரண்டு தொப்பி போட வேண்டாம். ஒரு கொம்பனிக்கு நீங்கள் தயாரித்த கோரிக்கையில் நீங்களே சட்டத்தரணியாக நிற்கக் கூடாது.

வேலை குறையுமோ என்ற பயம் வேண்டாம். 2022ஐ உங்கள் சைட்டில் நின்றே பார்த்திருப்பீர்கள். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360க்குப் போனது, ஆயிரத்துச் சொச்சத்துக்கு வாங்கிய சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தாண்டியது, ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியதும் வெளிநாட்டுப் பணத்தில் நடந்த வேலைகள் பாதியில் நின்றன. அந்த வருடம் என்னிடம் வந்தவர்கள் கொண்டுவந்த ஒப்பந்தங்களில் விலை ஏற்ற இறக்கப் பிரிவை அடித்துவிட்டு, நிலையான விலை என்று கையெழுத்து வைத்தவை எத்தனை! நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபை மாதாமாதம் விலைச் சுட்டெண் போடுகிறது, அதை வைத்து விலை ஏற்றத்தைக் கணக்கிடச் சூத்திரம் இருக்கிறது, ஆனால் அந்தப் பிரிவை ஒப்பந்தத்திலிருந்து எடுத்துவிட்டவருக்கு சூத்திரம் உதவாது. பில் காசு வரவில்லை என்றால் 21 நாள் அறிவித்தல் கொடுத்து வேலையை மெதுவாக்கவோ நிறுத்தவோ 16.1ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது என்று அதே ஃபிடிக் ஒப்பந்தத்தில் ஐந்து வருடம் வேலை செய்த சிலருக்கே தெரிந்திருக்கவில்லை. அவர்கள் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்த வருடத் தகராறுகள் பல இன்னும் முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதையும் தெரிந்துகொண்டு வாருங்கள். உங்கள் புத்தகத்தின்படி எஞ்சினியர் முடிவில் திருப்தி இல்லையென்றால் தகராறுத் தீர்ப்புச் சபை, அவர்களுக்கு 84 நாள். அதிலும் திருப்தி இல்லையென்றால் 28 நாளுக்குள் அறிவித்தல், பிறகு சுமுகமாகப் பேச 56 நாள், அதற்குப் பிறகு நடுத்தீர்ப்பு. இவ்வளவும் தாளில் ஒரு வருடத்துக்குள் அடங்கும். நடுத்தீர்ப்பு தொடங்கிய பிறகுதான் காலம் போகிறது. கொழும்பில் நடுத்தீர்ப்பு அமர்வுகள் பல, நீதிமன்ற வேலை முடிந்த பிறகு பின்னேரத்தில்தான் நடக்கின்றன, இரண்டு மணித்தியாலம் நடக்கும், எல்லோரும் டயரியைத் திறப்பார்கள், அடுத்த திகதி ஆறு கிழமை தள்ளி. ஒரு சாட்சியின் குறுக்கு விசாரணை ஒரு வருடம் இழுத்ததை நான் பார்த்திருக்கிறேன். தீர்ப்பு வந்த பிறகும் 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டத்தின் கீழ், தோற்றவர் 60 நாளுக்குள் மேல் நீதிமன்றத்துக்குப் போய் அதை நீக்கக் கேட்கலாம், அங்கிருந்து சட்டக் கேள்வி என்று உயர் நீதிமன்றத்துக்கும் போகப் பார்க்கலாம். நீக்குவதற்கான காரணங்கள் மிகக் குறைவு, தீர்ப்பு சரியா பிழையா என்று மேல் நீதிமன்றம் மறுபடி விசாரிக்காது, இருந்தும் காலத்தைப் போக்குவதற்காகவே போகிறவர்கள் உண்டு.

எனக்கு இதில் உண்மையான கோபம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1996இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, கட்டுமானத் தகராறை ஒரு அட்ஜுடிகேட்டர் 28 நாளில் முடிக்க வேண்டும், இப்போதைக்குக் காசைக் கொடு, சண்டையைப் பிறகு பிடி என்று வைத்தார்கள். சிங்கப்பூர் 2004இல் தன் சட்டத்தைக் கொண்டுவந்தது, மலேசியா 2012இல். காசு நிற்கிறபோது முதலில் சாகிறவர் பெரிய ஒப்பந்தகாரர் இல்லை, அவருக்குக் கீழே கம்பி கட்டியவர், பெயின்ற் அடித்தவர், கொங்கிறீட் ஊற்ற ஷட்டரிங் பலகை அடித்தவர். உங்களைப் போன்றவர்கள் இந்தத் தொழிலுக்கு வர வேண்டும் என்று நான் விரும்புவது முக்கியமாக இவர்களுக்காகத்தான்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். 2012இல் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு ஷட்டரிங் துணை ஒப்பந்தகாரர் வந்தார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை. பிரதான ஒப்பந்தகாரர் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று சொல்லிச் சொல்லி நாட்களை ஓட்டிவிட்டார். வேலை முடிந்து மூன்று வருடமும் நாலு மாதமும். பிரிஸ்கிரிப்ஷன் கட்டளைச் சட்டம் என்று நாங்கள் சொல்கிற 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுத்து ஒப்பந்தத்துக்கு வழக்குப் போட ஆறு வருடம், எழுதாத ஒப்பந்தத்துக்குப் பொதுவாக மூன்று வருடம்தான். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது, காலம் கடந்துவிட்டது என்று. மனிதர் ஒன்றும் பேசவில்லை, கையிலிருந்த பையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பைக்குள் என்ன என்று கேட்டேன். ஒரு கொப்பி, தமிழில், எந்தத் தூண், எந்த பீம், எத்தனை சதுர அடி, எத்தனை ஆள் என்று நாள்வாரியாக எழுதியது, அதோடு வங்கிப் புத்தகம். அந்த வங்கிப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகத் திருப்பினேன். பதினாலு மாதத்துக்கு முன் அதே ஒப்பந்தகாரரிடமிருந்து 50,000 ரூபா வரவு. அது எதற்கு என்றேன். "பழைய பாக்கியில கொஞ்சம், தீபாவளிக்குக் கேட்டேன், போட்டாங்க" என்றார்.

பழைய கடனில் ஒரு பகுதியைக் கட்டுவது அந்தக் கடன் இருக்கிறது என்று ஒப்புக்கொள்வதாகக் கொள்ளப்படலாம், அப்படிக் கொண்டால் மூன்று வருடத்தை அந்த நாளிலிருந்து மறுபடி எண்ணலாம். கொப்பியையும் வங்கிப் புத்தகத்தையும் பிரதி எடுத்து, கொப்பிக்கு மொழிபெயர்ப்பு வைத்து, ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பினேன். எதிர்ப்பக்கச் சட்டத்தரணி நேர்மையானவர், பார்த்தவுடன் தன் கட்சிக்காரரிடம் பேசினார். வழக்கே போடவில்லை, மூன்று தவணையில் காசு வந்தது. நான் செய்த வேலைகளில் தொகையில் மிகச் சிறியவற்றில் ஒன்று, இப்போதும் நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். இந்த மேசைகளில் பல தடவை நீங்கள் ஒருவர்தான் பெண்ணாக இருப்பீர்கள், அதிலும் மூத்த எஞ்சினியர்கள் நடுவில் இளையவராக. சைட்டில் அது உங்களுக்குப் பழக்கம்தான். எண் சரியாக இருந்தால் கேட்பார்கள், என் அனுபவத்தில் மற்றத் துறைகளைவிட இங்கே கொஞ்சம் வேளைக்கே கேட்பார்கள், ஏனென்றால் எஞ்சினியர்களுக்கு எண் பிடிக்கும். மொழி உங்களுக்குப் பெரிய பலம். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும், சைட் டயரி பாதி சிங்களத்தில், மேசனின் கொப்பி தமிழில். மூன்றையும் நேராக வாசிக்கிற சட்டத்தரணிகள் இந்தத் துறையில் குறைவு. சிங்களம் எழுத வாசிக்கக் கொஞ்சம் தடுமாறுகிறது என்றால் இப்போதே சரிசெய்யுங்கள்.

அப்பாவோடு ஊருக்குப் போகும்போது ஆறுதலாக உட்கார்ந்து கதையுங்கள். செய்த வேலைக்குக் காசு வராமல் போன தடவைகள் அவருக்கு நிச்சயம் இருக்கும், எந்த மேசனுக்கு இல்லை? அதைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வேலையை விடப்போவதில்லை என்பதை முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள், அப்போதுதான் மனம்விட்டுச் சொல்வார்.

பரீட்சைக்கு விண்ணப்பிக்க முன் ஒரு வேலை தருகிறேன். உங்கள் கொம்பனியில் முடிந்துபோன பழைய சைட் ஒன்றின் ஃபைல்களை மனேஜரின் அனுமதியோடு எடுங்கள். பிந்திய மாதம் ஒன்றைத் தெரிவுசெய்து, அந்த மாதத்தின் ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது, யார் எதற்காகக் காத்திருந்தார்கள், அதற்கு எந்தத் தாள் சாட்சி என்று மூன்று நிரலில் எழுதுங்கள். மூன்று சனிக்கிழமை பிடிக்கும். முதல் சனிக்கிழமை சுவாரசியமாகத்தான் இருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான். மூன்றாவது சனிக்கிழமை, 17ஆம் திகதி கொங்கிறீட் ஏன் போடவில்லை என்பதற்கு ஒரு தாளும் கிடைக்காமல், பின்னேரம் ஐந்து மணிக்கும் எழுந்து போக மனம் வராமல் தேடிக்கொண்டிருந்தீர்கள் என்றால், மொரட்டுவை விண்ணப்பத்தை நிரப்புங்கள். கொம்பனி பெயர், ஆள் பெயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அந்த மூன்று நிரலை மட்டும் எனக்கு அனுப்புங்கள். நான் இருந்து வாசித்து, பிழை இருந்தால் குறித்துத் திருப்பி அனுப்புகிறேன்.

அதற்கு முதல் லிஃப்ட் குழிக் கடிதம். எஞ்சினியர் ஒஃபிஸில் கையால் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள், ஈமெயிலிலும் அனுப்புங்கள், 31ஆம் திகதிவரை வைத்திருக்க வேண்டாம்.